மால்தாவின் மழைத்தொட்டிகள்

அப்போஸ்தலர் பணி நூலின் இறுதி அதிகாரத்தை வாசித்தோர் மால்தா என்னும் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். கப்பல் உடைந்து கரைசேர்ந்த புனித சின்னப்பரையும் அவருடன் வந்தோரையும் நெருப்பு மூட்டி வரவேற்ற தீவு அது. சிசிலிக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலில், மால்தா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகள் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு நாடாக விளங்குகின்றன. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழும் இந்நாட்டிற்கு ஆண்டுதோறும் அதனினும் பன்மடங்கு விருந்தினர் வருகின்றனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்போருள் பலர், குடும்பமாய்த் தொழில் நடத்தும் சிறு முதலாளிகளே.

விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற இத்தீவில் ஆறும் இல்லை; ஏரியும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையினூடே இறங்கி, கனமான கடல்நீரின்மேல் மெல்லிய படலமாய் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். ஒருவர் தம் தொழிலுக்கென மிகுதியாய் இறைக்க, அயலாரின் தோட்டம் உவர்ந்துபோகிறது.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 1566ஆம் ஆண்டில் புனித யோவான் சபை வீரர்கள் வலெத்தா நகரை எழுப்பியபோது, வீடுதோறும் பாறையைக் குடைந்து மழைத்தொட்டி அமைக்க வேண்டுமென விதித்தனர். குழாய்நீர் வந்தபின் தொட்டிகள் பல கவனிப்பாரற்றுப் போயின. 1982இல் ஆர் லாப்சி கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பெற்றது. இன்று குழாய்நீரில் பாதிக்கு மேல் கடலிலிருந்தே பெறப்படுகிறது. அதற்கு மின்சாரம் மிகுதியாய்த் தேவைப்படுவதால், விடுதியில் வீணாகும் ஒவ்வொரு வாளி நீருடன் எரிபொருளும் வீணாகிறது.

எனவே மால்தா சுற்றுலா ஆணையம், சுற்றுச்சூழலைப் பேணும் தங்கும் விடுதிகளுக்குச் சான்றளிக்கும் திட்டத்தை 2002இல் தொடங்கியது. பின்னர் சிறு விருந்தினர் இல்லங்களும் அதில் சேர்க்கப்பட்டன. பெரிய விடுதியில் இதற்கெனத் தனி அலுவலர் இருப்பார். சிறு விடுதியிலோ சமைப்பவரும் கணக்கெழுதுபவரும் ஒருவரே! அவருக்குத் தடித்த விதிநூலைவிட எளிய பழக்கங்களே பயன் தரும். வாரந்தோறும் நீர்மானியைக் குறித்து வைத்தல், ஒழுகும் குழாயை அன்றே பழுதுபார்த்தல், விருந்தினர் கேட்டால் மட்டும் விரிப்புகளை வெளுத்தல், பழைய தொட்டியைத் தூர்வாரி மழைநீரைத் தோட்டத்திற்குப் பயன்படுத்தல் ஆகியவற்றால் செலவும் குறையும்.

ஆயினும் தனி மனிதரின் நல்லெண்ணம் மட்டும் போதாது. 1977 முதல் 2004 வரை மக்தாபில் கொட்டப்பட்ட குப்பை ஒரு குன்றாகவே உயர்ந்துவிட்டது. "என் கடையின் நாலு பாட்டிலாலா குன்று உயர்ந்தது?" என்று எவரும் கேட்கலாம். 2022 நவம்பரில், பல வகைப் பானப் புட்டிகளுக்குத் தலா 10 சென்ட் முன்பணம் பெற்று, புட்டி திரும்பியதும் அதனைத் திருப்பித் தரும் முறை வந்தது. இயந்திரங்களின் முன் நீண்ட வரிசைகளும் முறையீடுகளும் எழுந்தன. ஆனால் விதி அனைவர்க்கும் பொதுவானதால், மனசாட்சியுடன் நடக்கும் சிறு வணிகர் மட்டும் நட்டமடையும் நிலை நீங்கியது.

கோசோவின் ஷ்வெய்னி கடற்கரையில், பாறையில் வெட்டிய பாத்திகளில் குடும்பங்கள் கோடைதோறும் உப்பு விளைவிக்கின்றன. வெயிலும் காற்றும் தூய கடல்நீருமே அவர்களின் மூலதனம். அக்கடல் மாசடைந்தால் அவர்கள் வேறு கடலுக்கு எங்கே போவர்? விடுதிக்காரர் தம் கழிவைக் கவனித்துக்கொள்வது, இந்த உப்புக் குடும்பத்திற்கு அவர் செய்ய வேண்டிய நீதியாகும்.