எரியாத பிரதி

பழைய நூல்களைச் செப்பனிடும் ஊழியர் ஒருவர், கரையானைக்கூட மன்னித்துவிடுவாராம். செலோடேப்பைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் வருகிறது. "கரையான் பசிக்குத் தின்னுது சார். இதை ஒட்டினவங்க படிச்சவங்க."

அவர் வேலை செய்வது சென்னையில் ஒரு நூலகத்தின் செப்பனிடும் அறையில். நான் போனபோது மேசையில் கிடந்தது 1920களில் யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு சைவச் சிறுநூல். செட்டிநாட்டு வீடொன்றின் மரப்பெட்டியில் இருந்ததாம். இலங்கைக்கு வணிகம் செய்யப் போன செட்டிநாட்டார் புத்தகமும் கொண்டுவந்ததில் வியப்பில்லை.

முதலில் பக்க எண்களைச் சரிபார்த்துவிட்டுத் தையலைப் பிரிக்கிறார். துருப்பிடித்த கம்பியை நெம்பி எடுக்கிறார். எழுத்தின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து மை கரைகிறதா என்று பார்க்கிறார். கரையாவிட்டால்தான் தாளைச் சுண்ணாம்புத் தெளிநீரில் நனைப்பது. மரக்கூழில் செய்து, மை ஊறாமலிருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்த அந்தக் காலத்து மலிவுத்தாள், தன் அமிலத்தாலேயே பொடிந்துபோகும். சுண்ணாம்பு அந்த அமிலத்தை அடக்குகிறது. காய்ந்த பிறகு, வெங்காயத் தோலைவிட மெல்லிய ஜப்பான் டிஷ்யூவை மாவுப்பசையால் ஒட்டுகிறார். பசை கூடினால் தாள் சுருங்கும், குறைந்தால் பிரியும். என்ன அளவு என்று கேட்டேன். "கைக்குத் தெரியும் சார்."

யாழ்ப்பாண நூல் என்றதும் ஒரு தீ நினைவுக்கு வருகிறது: யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது 1981 மே 31 இரவு. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. கே.எம். செல்லப்பா 1933இல் தன் வீட்டில் தொடங்கிய அந்த நூலகம், 1959இல் பெரிய கட்டடமாக எழுந்தது. அதைத் திட்டமிட ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

இந்தச் செப்பனிடும் ஊழியர் அப்போது பிறக்கவேயில்லை. யாழ்ப்பாணத்தைப் பார்த்ததும் இல்லை. பைண்டிங் கடையிலிருந்து இங்கே வந்தவர். யாழ்ப்பாண நூல் ஒன்று முதன்முதலாக இவர் கைக்கு வந்தபோது, மூத்த ஊழியர் ஒருவர் அந்தத் தீயைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "அதுவரைக்கும் சம்பளத்துக்குத்தான் வேலை சார். அங்க எரிஞ்சதுல ஒண்ணு இங்க நம்ம கையில இருக்கலாம்ல? அப்புறம் எப்படி அவசரமா ஒட்டுறது?"

தாத்தா எழுதிய நூலைத் தேடி டொரொண்டோவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தாராம். ஸ்கேன் போனதும் நீளமாக நன்றிக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு இவர் நினைத்துக்கொண்டது, கடல் தாண்டி அந்த நூலைச் சுமந்து வந்த யாரோ ஒருவரையாம். நன்றி அவருக்குத்தான் போகணும் என்கிறார்.

அந்தத் தீயின் நினைவாக ஆண்டுதோறும் கூட்டம் போடுகிறோம், கவிதை வாசிக்கிறோம். தவறில்லை. ஆனால் எரிந்தவற்றில் எதன் பிரதி வேறெங்கே கிடக்கிறது என்று தேடுகிறவர்கள் நம்மில் குறைவு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவாக்கி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஆனால் ஸ்கேனரில் வைக்கும்வரை தாள் உடையாமல் இருக்க வேண்டுமே! அதற்கு இப்படியொரு மேசையும் இப்படி ஒருவரும் வேண்டும். இந்த வேலைக்குப் போதிய ஆளும் பணமும் ஒதுக்காமல் பேசுகிற பண்பாட்டுப் பெருமையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அச்சான பழைய நூல் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். நீங்களே ஒட்டவும் வேண்டாம். தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து, ஆவணங்களைப் பாதுகாக்கும் ஏதாவதொரு நூலகத்துக்கு அனுப்புங்கள்.