பொதுச்சுவரும் கட்டக் கோடுகளும்



வயது முதிர்ந்த ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் மத்திய அரசு விதிப்படி கூடுதல் தொகை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியும். 80 வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறைத் தொட்டால் முழுதாக 100 சதவீதம். ஐந்தே வரி உள்ள சின்ன அட்டவணைதான்.

சில மாதங்களுக்கு முன் இந்த அட்டவணை எங்கள் வட்டத்தில் கைப்பேசிக்குக் கைப்பேசி சுற்றியது. யாரோ ஒருவர் இணையப் பக்கமாகத் தயாரித்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெள்ளைப் பின்னணி, வெளிறிய சாம்பல் எழுத்து, கோடு என்று ஒன்றுகூட இல்லை. இடது ஓரத்தில் வயது, வலது ஓரத்தில் சதவீதம், நடுவில் வெறும் வெள்ளை.

என்னோடு வேலை பார்த்து மறைந்த நண்பரின் மனைவி அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். 82 வயது. "தம்பி, எனக்கு முப்பது சதவீதம் வரணுமாமே? ரெண்டு வருஷ பாக்கியும் சேர்ந்து வரும்ல? ராத்திரித் துணைக்கு ஒரு பொண்ணை வரச் சொல்லிட்டேன்" என்றார். 80 என்ற இடத்தில் புறப்பட்ட கண், வலது ஓரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. அடிப்படைத் தொகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபதுக்கும் முப்பதுக்கும் வித்தியாசம் மாதம் 2,000 ரூபாய். "இல்லக்கா, உங்களுக்கு இப்ப வர்ற இருபதுதான் சரி" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அவளை வேணாம்னு எப்படித் தம்பி சொல்றது?" என்று கேட்டார். கடைசியில் அந்தப் பெண் வாரத்தில் மூன்று இரவு மட்டும் வருவதாக ஏற்பாடாயிற்று.

ஒரு கோடு இருந்திருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திருக்காது. அதனால்தான் கோடு போடுவதைப் பற்றி எழுதத் தோன்றியது.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அந்த நோட்டுப்புத்தகம் நினைவிருக்கும். பெரிய கட்டம் என்ற பொருளில் 'கிரான் கர்ரோ' என்போம். பொந்த்துவாஸ் ஊரில் நோட்டு, புத்தகம் விற்ற ழான்-அலெக்சாந்த்ர் சேயெஸ் என்பவர் 1892-இல் பதிவு செய்த வடிவம் அது. எட்டு மில்லிமீட்டர் சதுரம், அதற்குள் இரண்டு இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய படுக்கைக் கோடுகள், இடப்பக்கம் சிவப்பில் ஓரக் கோடு. எல்லாக் கோடும் ஒரே கனத்தில் இருக்காது. எந்தக் கோடு அழுத்தம், எந்தக் கோடு மெல்லியது என்பதிலேயே எழுத்தின் உயரம் வரை பாடம் இருந்தது. பின்னால் அலுவலகப் பதிவேடுகளிலும் அதே கதைதான். படுக்கைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கண் நேராகப் போகும்.

இணையப் பக்கத்தில் அட்டவணை போடுவதற்கு ஹெச்டிஎம்எல் என்ற குறிமொழி இருக்கிறது. இந்த வலைப்பதிவுக்காக அதில் கொஞ்சம் கற்றேன். 'டேபிள்' என்பது வீடு. 'டிஆர்' என்பது ஒரு வரிசை. 'டிடி' என்பது ஒவ்வோர் அறை. நாமாகச் சொல்லாவிட்டால் உலாவி ஒரு கோடும் போடாது. 1990-களில் பக்கத்தில் படங்களையும் பத்திகளையும் அடுக்கி வைப்பதற்கே அட்டவணையைப் பயன்படுத்தினார்கள். கோடு தெரியக் கூடாது என்று 'பார்டர்' அளவைப் பூஜ்யமாக வைப்பார்கள். அட்டவணை என்றால் கண்ணுக்குத் தெரியாத சட்டம் என்ற வழக்கம் அப்படித்தான் வலுத்தது.

பழைய முறையில் பார்டர் 1 என்று எழுதினால் வெளியிலும் உள்ளேயும் கோடு விழும். அதையே 10 ஆக்கினால் வெளிச்சுவர் மட்டும்தான் தடிக்கும், உள்கோடுகள் மெல்லியதாகவே இருக்கும். 1999-இல் வந்த ஹெச்டிஎம்எல் 4.01-இல் 'ஃபிரேம்', 'ரூல்ஸ்' என்று இரண்டு வசதி இருந்தன. முதலாவது வெளிச்சுவருக்கு, இரண்டாவது உள்கோடுகளுக்கு. ரூல்ஸில் 'ரோஸ்' என்று கொடுத்தால் படுக்கைக் கோடு மட்டும் வரும். இன்றைய விதிகள் இந்த இரண்டையும் நம்மைப் போலவே ஓய்வில் அனுப்பிவிட்டன.

இப்போது கோடு போடும் வேலை சிஎஸ்எஸ் என்ற அலங்கார மொழிக்குப் போய்விட்டது. கோட்டுக்குக் கனம், வகை, நிறம் என்று மூன்றைச் சொல்ல வேண்டும். நிறத்தை விட்டால் எழுத்தின் நிறமே கோட்டுக்கும் வரும். வகையை விட்டுவிட்டால் கோடே வராது. முழுக்கோடு வேண்டுமானால் 'சாலிட்' என்று எழுத வேண்டும். இன்னொன்று, டேபிளுக்கு மட்டும் கோடு கேட்டால் வீட்டைச் சுற்றி மட்டும்தான் கிடைக்கும். அறைகளுக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

அறைகளுக்கும் கேட்டதும் ஒரு வேடிக்கை நடக்கும். எல்லாக் கோடும் இரட்டையாகத் தெரியும். ஒவ்வோர் அறையும் தனக்கென்று ஒரு சுவர் எழுப்பி, நடுவில் சின்னச் சந்து விட்டிருக்கும். இதற்குத்தான் 'பார்டர் கொலாப்ஸ்' என்ற கட்டளை. அதைக் கொடுத்ததும் இரண்டு சுவரும் சேர்ந்து ஒன்றாகிவிடும்.

இதைப் படித்ததும் எனக்கு 'முர் மித்வாயேன்' ஞாபகம் வந்தது. அதாவது பொதுச்சுவர். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் சுவர், வேறு பத்திரமோ அடையாளமோ இல்லாவிட்டால், இருவருக்கும் பொது என்றே கொள்ள வேண்டும் என்கிறது பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 653-ஆம் பிரிவு. பொதுச்சுவர் என்றால் வழக்கும் வரும் அல்லவா? ஓர் அறை சிவப்புக் கோடு கேட்கிறது, பக்கத்து அறை கறுப்புக் கேட்கிறது. யார் பேச்சு எடுபடும்? சிஎஸ்எஸ் அதற்கும் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது. கனமான கோடு ஜெயிக்கும். கனம் சமமானால் இரட்டைக்கோடு முழுக்கோட்டையும், முழுக்கோடு வெட்டுக்கோட்டையும், வெட்டுக்கோடு புள்ளிக்கோட்டையும் வெல்லும். அதிலும் சமம் என்றால் வரிசை கேட்டதைவிட அறை கேட்டதற்கும், வீடு கேட்டதைவிட வரிசை கேட்டதற்கும் முன்னுரிமை. 'நன்' என்று, அதாவது எனக்கு வேண்டாம் என்று சொல்பவரின் பேச்சு எடுபடாது, அண்டை வீட்டார் கேட்டால் கோடு விழும். ஆனால் 'ஹிடன்' என்று எழுதினால் அது தடையுத்தரவு மாதிரி, யார் கேட்டாலும் அங்கே கோடு கிடையாது.

காலி அறையில் இன்னொரு விஷயம். பழைய உலாவிகள் சில, ஒன்றும் எழுதாத அறைக்குக் கோடே போடாமல் விட்டுவிடும், அட்டவணை பல் விழுந்தது போல் நிற்கும். பதிவேட்டில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் 'இல்லை' என்றோ சிறு கோடோ போடும் குமாஸ்தாப் பழக்கம் இங்கேயும் கைகொடுத்தது.

கோடே அழுக்கு என்று சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. நல்ல அச்சுப் புத்தகங்களில் நெடுக்குக் கோடுகளை முடிந்தவரை தவிர்த்திருப்பார்கள், எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியாக நிறுத்தினாலே அந்த வேலை நடந்துவிடும். ஆனால் வயது கூடிய கண்ணுக்குப் படுக்கைக் கோடு ஊன்றுகோல் மாதிரி.

அக்காவுக்காக அந்த அட்டவணையை நான் திரும்பப் போட்டேன். ஒவ்வோர் அறைக்கும் அடியில் மட்டும் ஒரு கறுப்பு முழுக்கோடு, தலைப்பு வரிசைக்கு அடியில் அதைவிடத் தடித்தது. பார்டர் கொலாப்ஸ் கொடுத்தேன். கோட்டில் எழுத்து ஒட்டாதபடி 'பேடிங்' வைத்து உள்ளே இடம் விட்டேன். எண்கள் வலப்பக்கம் ஒதுங்கி நின்றன. அட்டவணையைத் திரை முழுக்க இழுக்காமல் இரண்டு பத்தியையும் அருகருகே வைத்தேன். மொத்தம் ஏழெட்டு வரிக் குறிமொழிதான்.

உங்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இப்படி ஏதாவது தயாரித்தால், அடிக்கோடு ஒன்று போடச் சொல்லிக் கேளுங்கள். கோடில்லாத அட்டவணை கைக்கு வந்துவிட்டால், பணம் சம்பந்தப்பட்டது என்றால் குறிப்பாக, ஒரு போஸ்ட் கார்டை வரிக்கு அடியில் வைத்து, நகர்த்தி நகர்த்திப் படியுங்கள்.