காலதர்

காற்று நுழையும் வாயிலுக்குத் தமிழில் பெயர்கள் பல. சாளரம் என்கிறோம்; பலகணி என்கிறோம். சிலப்பதிகாரத்தில் இடம்பெறும் ‘காலதர்’ என்னும் சொல்லோ தனியழகு வாய்ந்தது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். ஆண்டுதோறும் வகுப்பில் இச்சொல்லைப் பிரித்துப் பொருள் கூறிவந்த நான், அதன் அருமையை என் வீட்டு இரும்பு அலமாரியின் முன் நின்றபோதுதான் உணர்ந்தேன்.

தஞ்சை மாவட்டத்தில் நான் பிறந்த வீட்டின் நடுவே வானம் தெரியும் முற்றம் உண்டு. வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேறும். திண்ணைப்பக்கத்துக் காற்று அவ்விடத்தை நிரப்பும். சென்னையில் நாங்கள் குடியேறிய அடுக்ககத்திலோ மூன்று அறைகளுக்கு இரண்டே சன்னல்கள். சமையலறைச் சன்னல் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்தது. தெருப்பக்கத்துச் சன்னலைத் தூசிக்கும் கொசுவுக்கும் அண்டை வீட்டார் பார்வைக்கும் அஞ்சி எந்நேரமும் அடைத்தே வைத்திருந்தோம்.

ஐப்பசி மழை தொடங்கியது. துவைத்த துணிகள் கூடத்துக் கொடியிலேயே உலர்ந்தன. டப்பாவிலிருந்த அப்பளம் நமுத்தது. சுவரில் கரும்புள்ளிகள் தோன்றின. அம்மாவுக்கு இருமல் விடவில்லை. “வீட்டுக்கே மூச்சு முட்டுது, தம்பி” என்றார்கள். ஊர் வீட்டின் ஏக்கத்தால் அவ்வாறு சொல்கிறார்கள் என்று நான் பொருட்படுத்தவில்லை.

அத்தா எனக்கு விட்டுச்சென்ற செல்வம், அவர் கைப்படக் குறிப்புகள் எழுதிய சீறாப்புராணப் பதிப்பு ஒன்றே. மழைக்கு அஞ்சி அதனைப் பாலிதீன் உறையில் சுற்றி அலமாரியில் பூட்டினேன். கார்த்திகை இறுதியில் திறந்தபோது சாம்பல்நிறப் பூஞ்சணம் அட்டையை மூடியிருந்தது. ஹிஜ்றத்துக் காண்டத்தின் இறுதித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரிக்க முயன்றேன், அத்தாவின் எழுத்து அடுத்த தாளோடு உரிந்து சென்றது. அன்று இரவு என்னால் உண்ண இயலவில்லை.

இயற்பியல் துறை நண்பரிடம் கூறினேன். அவர் மழையை மட்டும் குறைசொல்லவில்லை. சமையல் ஆவி, குளியல், ஈரத்துணி, நம் மூச்சு ஆகிய அனைத்தும் வீட்டிற்குள் நீரைச் சேர்க்கின்றன. வெப்பக் காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிர்ந்த சுவரைத் தொட்டதும் அது நீராகப் படியும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 70 விழுக்காட்டைக் கடந்து நீடித்தால் பூஞ்சணம் தழைக்கும். தாளில் முன்பே ஏறியிருந்த ஈரத்தையும் சேர்த்தே நான் உறைக்குள் பூட்டியிருந்தேன்! அவர் தந்த ஈரப்பதமானி எங்கள் கூடத்தில் 84 காட்டியது.

அதன்பின் சில மாற்றங்கள் செய்தோம். தெருச்சன்னலுக்குக் கொசுவலையும் மெல்லிய திரையும் இட்டோம். மழை பெய்யும் வேளையில் வெளிக்காற்றும் ஈரமானதே. ஆகவே மழைவிட்டு வெயில் எட்டிப்பார்க்கும்போது இரு சன்னல்களையும் ஒருசேரத் திறந்தோம். சமையலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி பொருத்தினோம். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழியில்லையேல் அவ்விசிறி வீணே சுழலும். எனவே அது ஓடும்போது தெருச்சன்னலைச் சிறிது திறந்துவைத்தோம். துணிகள் மாடிப்படியருகே திறந்தவெளிக்குச் சென்றன. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். நூலை வெயிலில் காயவிடாமல் நிழற்காற்றில் உலர்த்தி, மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு, மென்தூரிகையால் பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே நீக்கினேன். தை பிறந்தபோது ஈரப்பதமானி 62 காட்டியது. அம்மாவின் இருமலும் தணிந்திருந்தது.

ஒட்டிய தாள்கள் ஒட்டியவையே. அவற்றில் அத்தா என்ன எழுதியிருந்தார் என்பதை இனி அறியமுடியாது. பூட்டி வைப்பதே போற்றுவது என்று எண்ணியதற்கு நான் கொடுத்த விலை அது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பெட்டியிலும் பாட்டனார் காலத்து அரபுத்தமிழ் ஏடோ பழம்பதிப்போ உறங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த மழைக்குமுன் அதைத் திறந்து காற்றாட வையுங்கள். அப்படியே படித்தும் பாருங்கள். நான் அந்தக் குறிப்புகளை முழுவதும் படித்திருக்கவில்லை.