நீர் விளிம்பில் ஒரு குச்சி

சென்ற மாதம் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தில், முப்பத்திரண்டு வருஷகாலம் குனோங் தஹானுக்கு ஆட்களை அழைத்துப்போய் வந்தவன் என்று உறவினர் ஒருவர் என்னை அறிமுகம் செய்துவைத்தபோது, எதிர் இலையில் அமர்ந்திருந்த இளைஞர், "இப்போதுதான் ஃபோனிலேயே பாதை இருக்கிறதே அங்கிள், வழிகாட்டி எதற்கு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். பாயசம் வந்துகொண்டிருந்த சமயம், பதில் சொல்லவில்லை. முழங்கால்கள் சொன்னபடி கேளாமல், பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டு மாடிப்படிகளையே எண்ணி ஏறுகிற நிலைக்கு வந்துவிட்ட நான், அந்தப் பதிலை எழுதியாவது வைக்கவேண்டும் என்று இதைத் தொடங்கினேன்.

மலாய்த் தீபகற்பத்தின் அதியுன்னத சிகரமாகிய தஹானின் உயரம் 2187 மீட்டர். அடுத்ததாகிய கோர்பு அதற்கு நான்கே மீட்டர் தாழ்வு. உயரத்தை வைத்து இந்த மலையை மதிப்பவர்கள் மெராப்போ வழியாக ஏறி நான்கு நாளில் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் பாதை குவாலா தஹானிலிருந்து புறப்படுவது. போகவர ஏழு நாள். மெலாந்தாய் முகாமைத் தாண்டியதும் இருபத்தேழு குன்றுகள் என்பது வழக்கு. எண்ணத் தொடங்கியவர் எவரும் பத்துக்கு மேல் எண்ணி நான் பார்த்ததில்லை. மெராந்தியும் கெருயிங்கும் வானத்தை மறைத்து நிற்கும் அந்தத் தாழ்வனத்தில் தொடங்கி, பாசி போர்த்த கருவாலிகளின் ஈரத்துக்குள் நுழைந்து, கடைசியில் சத்தற்ற மணற்கல் பூமியில் மரங்களெல்லாம் இடுப்பளவாகக் குறுகி, குடுவைச் செடிகள் பூச்சிகளை உண்டு ஜீவிக்கும் பாடாங் என்ற வெண்மணல் மேட்டுக்கு வந்து சேர்கிறபோது, அங்கே நிற்கும் விசிறிப் பனைகளில் தஹானின் பெயரையே தாங்கிய ஓர் இனம் உண்டு என்றும், அது இந்த மலையைச் சேர்ந்தது என்றும் சொன்னால், களைத்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள்.

ஆனால் நான் கடைசிவரை அஞ்சியது ஏற்றத்துக்கன்று, ஆற்றுக்கு. குவாலா தெக்குவை அடையும் வரை தஹான் நதியை மாறிமாறிப் பலமுறை கடக்கவேண்டும். தலைமடையில் பெய்த மழை ஒரே திரளாக இறங்கி வருவதை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயிர்' என்பார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயும். தண்ணீர் முழங்காலளவே இருக்கும். இறங்கிவிடலாம் என்றே யாருக்கும் தோன்றும்.

ஜெராந்துட் பக்கத்துக் கம்பத்தைச் சேர்ந்த ஒரு மலாய்ப் பெரியவர்தான் எனக்கு ஆசான். பாக்சிக் என்றே அழைப்பேன். என் இரண்டாவது பிரயாணத்தில், ஒரு நாள் பிற்பகல் முழுவதும் என்னை ஆற்றோரத்தில் உட்காரவைத்தார். கையளவு குச்சியொன்றை ஒடித்து, விரற்கடைக்கு ஒரு வெட்டாகப் பாராங் கத்தியால் கீறி, நீர் விளிம்பில் ஊன்றிவிட்டு, கவனித்துச் சொல் என்று கூறிப் படுத்துவிட்டார். அரைமணிக்கொரு தரம், "ஏறவில்லை பாக்சிக்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காவது முறை அவர் எழுந்து வந்து, குச்சியைப் பாராமல், தண்ணீரை இரு கையாலும் அள்ளி என் முகத்தருகே நீட்டினார். அதில் தூள்தூளாக இலைமக்கும், கிழிந்த ஒரு பச்சை இலையும் இருந்தன. பழுத்த இலை என்றும் உதிரும்; பச்சை இலை கிழிந்து வருகிறதென்றால் மேலே கரை அறுபடுகிறது என்று அர்த்தம். பிறகு காதைக் கொடுக்கச் சொன்னார்: கற்களிடையே சலசலத்த ஓசை கனத்து, ஒரே முழக்கமாக மாறியிருந்தது. மண்வாசனையும் வந்தது. மூட்டைகளை மேட்டுக்கு ஏற்றி முடிப்பதற்குள் குச்சி இருந்த இடம் தெரியவில்லை; பழுப்புநிறப் பிரவாகத்தில் ஒரு மரம் வேரோடு புரண்டு போயிற்று.

அன்று கற்றதை வைத்துத்தான் பின்னொரு வருஷம், வானம் நிர்மலமாக இருக்க, பதினொரு பேரை ஒன்றரை நாள் கரையிலேயே நிறுத்திவைத்தேன். ஆறு வடிந்ததும் கடந்தோம். ஆனால் சிகரத்துக்கு அவகாசம் இல்லாமற்போயிற்று. ஊர் திரும்பியதும் ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்டார். கொடுத்துவிட்டேன். வேலை செய்யாததற்குக் கூலி வாங்கியவன்போல் அவர் என்னைப் பார்த்தது மட்டும் இன்றுவரை ஆறவில்லை. என் முப்பத்திரண்டு வருஷத்தில் நான் செய்த சிரேஷ்டமான வேலை அந்த ஒன்றரை நாள் சும்மா உட்கார்ந்திருந்ததுதான்.

இப்போது கோலாலம்பூரில் வண்டி ஏறும்போதே, இன்ன நாள் காலை ஆபீசில் இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு மலைக்கு வருகிறார்கள். அந்தக் கணக்கில் காத்திருப்பதற்கு ஒரு மணிகூட இல்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளும் கூட்டத்தை வேகமாக நடத்திச் செல்வதையே திறமையென்று நினைக்கிறார்கள். எந்தப் பூவைக் கேட்டாலும் பூ என்கிறார்கள். வழிகாட்டியின் கதை அன்றும் இதுதான்: 1905-இல் சிலாங்கூர் மியூசியத்தைச் சேர்ந்த ராபின்சன் தஹானுக்கு நடத்திய குழுவில், முதலில் உச்சியை மிதித்தவர்கள் நான்கு மலாய்க்காரர்கள். புத்தகங்களில் பெரிதாக நிற்பதோ ராபின்சன் பெயர். வழி கண்டவனை மறப்பது புதிய பழக்கம் அன்று. ஆயினும் அக்காலத்தில் வழிகாட்டி வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை.

ஃபோன் பாதையைக் காட்டும், நான் மறுக்கவில்லை. தலைமடையில் மழை பெய்ததை அது காட்டாது. தம்பி, நீங்கள் தஹானுக்குப் போவதாக இருந்தால், கூடாரம் அடிப்பதற்கு முன்னால் நீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றுங்கள்; தண்ணீரைக் கையில் அள்ளிப் பாருங்கள். பச்சை இலை வந்தால் இறங்காதீர்கள்.