மீட்டர் சொல்லாத கணக்கு

ஹாம் என்கிற அமெச்சூர் வானொலி லைசென்ஸ் கைக்கு வந்ததும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் செட் வாங்கலாம் சார்?" அடுத்தது, "எவ்வளவு தூரம் போகும்?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் யூஎச்எஃப் பக்கம் வருகிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு: "செட்டுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே கேபிள் எவ்வளவு நீளம் வரும் தம்பி?" கேட்டதுமே அவர்கள் முகம் வாடிவிடும். கேபிளைப் பற்றிப் பேச யாருக்கு ஆசை இருக்கும்?

300 முதல் 3000 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பை யூஎச்எஃப் என்கிறோம். செல்போன், ஜிபிஎஸ், வீட்டு வைஃபை என்று இன்று உலகம் புழங்கும் பலவும் இதற்குள்தான் வருகின்றன. அந்த நெரிசலுக்கு நடுவே ஹாம்களுக்கும் அங்கங்கே கொஞ்சம் இடம் உண்டு. இந்தியாவில் புதியவர்கள் முதலில் காலெடுத்து வைப்பது 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 435-ஆல் வகுத்துப் பாருங்கள், 69 சென்டிமீட்டர் வரும். அதனால்தான் இதற்கு 70 சென்டிமீட்டர் பேண்ட் என்று பெயர். அமெரிக்காவில் இதே பேண்ட் 420-இல் தொடங்கி 450 வரை நீள்கிறது. நமக்குக் கொடுத்திருப்பது நான்கே மெகாஹெர்ட்ஸ். குறையொன்றும் இல்லை, பேச வருகிறவர்களுக்குத் தாராளமாகப் போதும். 1260-க்கு மேலே இன்னொரு பேண்ட் இருக்கிறது. அதற்கான செட் கிடைப்பது அரிது என்பதால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இந்தப் பேண்டின் பூர்விகம் பெரிது. 1888 வாக்கில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹெய்ன்ரிச் ஹெர்ட்ஸ் துத்தநாகத் தகடுகளை வளைத்து வைத்து, கண்ணுக்குத் தெரியாத அலையைக் குவித்தும் திருப்பியும் காட்டினார். அவர் கையாண்ட அலையின் நீளம் சுமார் 66 சென்டிமீட்டர். நம் பேண்டுக்கு அடுத்த வாசல் என்றே சொல்லலாம். வானொலி பிறந்தது இங்கேதான். பிறகு மார்கோனிக்கும் மற்றவர்களுக்கும் கடல் கடந்து பேசும் ஆசை வந்தது. தூரம் போக நீண்ட அலைகளே உதவும் என்று கண்டு எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேச உதவும் அலையைத் தேடி உலகம் திரும்பி வரப் பல பத்தாண்டுகள் ஆயின. மனிதர்கள் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டும் என்று நமக்குக் கடைசியில்தான் தோன்றுகிறது.

லைசென்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேவையில்லை, அழைப்புக் குறி வியூ3 என்று தொடங்கும். மோர்ஸும் தேறி ஜெனரல் கிரேடு வாங்கினால் வியூ2. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று லைசென்ஸ் இல்லாமல் ஹாம் பேண்ட் வாக்கி டாக்கி வாங்கிப் பேசுவது சட்டப்படி குற்றம். அந்த வழியில் வந்து என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இனி கேபிளுக்கு வருவோம்.

ஆர்ஜி-58 என்று ஒரு மெல்லிய கோஆக்ஸ் கேபிள். விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் போட்டாலும் பெரிதாக எதையும் தின்னாது. அதே கேபிளை 435 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் 11 டெசிபல் அளவுக்கு விழுங்கிவிடும். டெசிபல் கணக்கு பிடிக்காதவர்களுக்கு வாட்டில் சொல்கிறேன்: கீழே செட்டிலிருந்து 25 வாட் புறப்பட்டால் மொட்டை மாடியில் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேருவது சுமார் 2 வாட். மீதி 23 வாட்டும் கேபிளின் தோலுக்குள்ளே சூடாகிக் கரைந்துவிடுகிறது. எதிரி யாரும் இல்லை, மலை மறைக்கவில்லை, மழை கெடுக்கவில்லை. எல்லாம் நம் வீட்டுச் சுவருக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. வருகிற குரலுக்கும் இதே கதிதான். ஆண்டெனா பிடித்துக் கொடுத்ததில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் செட்டுக்கு எட்டும். 25 வாட் செட்டை விற்று 50 வாட் செட் வாங்கினால் அனுப்புவது இரட்டிப்பாகும், கேட்பது ஒரு துளியும் அதிகமாகாது.

பேசும் வலிமை மிகுந்து கேட்கும் திறன் குறைந்த நிலையங்களை ஹாம்கள் முதலை என்று கேலி செய்வார்கள். வாய் பெரிது, காது சிறிது என்று பொருள். பட்டம் கடுமையானதுதான், ஆனாலும் பொருத்தமாகவே இருக்கிறது.

இதைவிட நுட்பமான சூது ஒன்று இருக்கிறது. ஆண்டெனா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எஸ்டபிள்யூஆர் மீட்டர் வைத்திருப்போம். அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஏற்கப்படாமல் திரும்பி வருகிறது என்று அது காட்டும். குறைவாகத் திரும்பினால் ஆண்டெனா நன்றாக இருக்கிறது என்று கணக்கு. ஆனால் கேபிள் மோசமானதாக இருந்தால், திரும்பி வருவதையும் அதுவே தின்றுவிடும். போகும்போது 11 டெசிபல், வரும்போது 11 டெசிபல். மாடியில் ஆண்டெனா ஒடிந்து தொங்கினாலும் கீழே முள் அழகாக நிற்கும். கேபிள் கெடக் கெட மீட்டர் நல்ல சேதியே சொல்லும்!

இந்தக் கணக்கு புரிந்த நாளிலிருந்து, "எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது" என்று பெருமைப்படும் என் வயதுக்காரர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. மறுபேச்சு வராததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சொன்னது முழுதும் போய்ச் சேர்ந்து ஏற்கப்பட்டிருக்கலாம். அல்லது போகும்போதே பாதி கரைந்து, வந்த பதிலும் நம்மை எட்டாமல் வழியிலேயே அடங்கிப் போயிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து முள்ளைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஹாமுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறி, ஆண்டெனாவின் அடியிலேயே பொருத்திப் பார்ப்பார். முழங்கால் வலிக்கும். வேறு குறுக்கு வழி கிடையாது.

சரி, மருந்து என்ன? தடித்த, இழப்புக் குறைந்த கேபிள் வாங்குங்கள். எல்எம்ஆர்-400 வகையில் அதே 30 மீட்டருக்கு 25 வாட்டில் பாதிக்கும் மேல் மாடி சேரும். அல்லது செட்டையே ஆண்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், செலவே இல்லை. மாடி அறையில் உட்கார்ந்து மூன்று மீட்டர் கேபிளில் ஐந்து வாட் வைத்துப் பேசுகிறவர், கீழே கூடத்தில் ஏசி போட்டு உட்கார்ந்து 25 வாட்டில் பேசுகிறவரை எளிதாகத் தாண்டிவிடுவார். கனெக்டரில் தண்ணீர் இறங்காமல் ரப்பர் டேப் சுற்றுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் உப்புக் காற்றுக்காக வருடம் ஒருமுறையாவது அவிழ்த்துப் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

இந்தக் கேபிள் ஞானம் நம் ஊருக்குப் புதிதில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, டெல்டாவிலும் ராமநாதபுரம் பக்கமும் வீட்டுக்கு வீடு உயரக் கம்பம் நட்டு ஆண்டெனா கட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். படம் புள்ளி புள்ளியாக வந்தால் பூஸ்டர் வாங்குவார்கள். விவரம் தெரிந்த டிவி மெக்கானிக் அந்தப் பூஸ்டரை டிவிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டார், கம்பத்தின் உச்சியில் மாட்டுவார். கேபிளில் இறங்கிப் பாழான சிக்னலைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும் என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பொறியியல் கல்லூரிக்கும் போகாதவர் அவர்.

அந்தக் கம்பங்களின் உயரமும் காரணத்தோடு வந்ததுதான். யூஎச்எஃப் அலை வானில் மோதித் திரும்பி வருவதில்லை. ஏறக்குறைய கண் பார்க்கும் தொலைவுக்கே போகும். ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று தோராயமாகக் கிடைக்கும். ஒன்பது மீட்டர் மாடிக்கு 12 கிலோமீட்டர். ஏற்காடு மலை மேல், 1500 மீட்டரில் நின்றால் 150-க்கும் மேல். எதிரில் இருப்பவரின் உயரத்துக்கும் இதே போலக் கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ளலாம். தெருவில் வாக்கி டாக்கியோடு நிற்கும் இருவருக்குக் கணக்கு பத்து கிலோமீட்டர் என்று சொன்னாலும் கட்டடமும் தோப்பும் அதை இரண்டு மூன்றாகக் குறைத்துவிடும். மழையில் நனைந்த மாந்தோப்பு இன்னும் மோசம், அலையை அப்படியே உறிஞ்சிவிடும்.

ஆனால் ஊருக்குள் யூஎச்எஃப்புக்கு ஒரு தனிச் சாமர்த்தியம் உண்டு. அலை சிறியது என்பதால் ஜன்னல் வழியே நுழையும், சுவரில் பட்டுத் தெறித்துச் சந்து பொந்தெல்லாம் போகும். தெறித்த அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று கூட்டும், சில இடங்களில் அடித்துவிடும். அடித்துவிட்ட இடத்தில் நீங்கள் நின்றால் எதிராளி மௌனமாகிவிடுவார். பட்டனை அழுத்தி அழுத்திக் கத்த வேண்டாம். ஒரு அடி தள்ளி நில்லுங்கள். 70 சென்டிமீட்டர் அலையில் நல்ல இடத்துக்கும் கெட்ட இடத்துக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். ஆண்டெனாவையும் செங்குத்தாகப் பிடியுங்கள். படுக்கை வாட்டில் பிடித்துப் பேசிவிட்டு ரிப்பீட்டரைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

ரிப்பீட்டர் என்றால், உயரமான இடத்தில் இருந்துகொண்டு ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொரு அலைவரிசையில் அப்போதே திருப்பிச் சொல்லும் நிலையம். அதைத் திறக்கப் பெரும்பாலும் காதுக்கு எட்டாத மெல்லிய டோன் ஒன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அங்கே பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கேள், யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று. ஒருவர் முடித்ததும் ஒன்றிரண்டு விநாடி விட்டுப் பேசு, அவசரத்தில் இருக்கும் மூன்றாமவர் உள்ளே வர அந்த இடைவெளிதான் கதவு. அழைப்புக் குறி சொல்லாமல் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்க்காதே. சில நிமிடம் மூச்சுவிடாமல் பேசினால் ரிப்பீட்டரே குரலை வெட்டிவிடும், அதற்கென்று உள்ளே டைமர் இருக்கிறது. பட்டிமன்ற மேடைகளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று தோன்றும்.

இன்னொன்றும் புதியவர் மனதில் வைக்க வேண்டும். நம் பக்கத்தில் இந்தப் பேண்டில் ஹாம்களுக்கு இரண்டாம் உரிமைதான். ரேடார் போன்ற முதல் உரிமைக்காரர் வந்தால் நாம் வழி விட வேண்டும், அவரால் நமக்கு இடைஞ்சல் என்று புகார் செய்யவும் முடியாது. மகன் வீட்டில் தங்கியிருக்கும் என் போன்ற பெரியவர்களுக்கு இந்த விதி விளக்காமலே புரியும்.

ஆண்டெனாவைக் கடையில் வாங்குவதைவிட நீங்களே செய்யுங்கள். கால் அலை நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். சைக்கிள் ஸ்போக்கை வெட்டியே செய்துவிடலாம். வெட்டும்போது மட்டும் நிதானம் வேண்டும். 34 சென்டிமீட்டர் அரை அலை ஆண்டெனாவில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் 12, 13 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போய்விடும். நம்மிடம் இருப்பதே நாலு.

அந்த நாலு மெகாஹெர்ட்ஸுக்குள் ஆகாயமும் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட், கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. முழுக்க ஹாம்களுக்காக இஸ்ரோ செய்தது. கீழிருந்து 435 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அது 145 மெகாஹெர்ட்ஸில் திருப்பிச் சொல்லும். 2014 ஜூலை வரை உழைத்தது. இன்று புதியவர்களுக்கு எளிதானது சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ரிப்பீட்டர். 145.990-இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு பேச வேண்டும், பதில் 437.800-இல் வரும். ஆனால் நிலையம் விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. அது நம்மை நோக்கி வரும்போது 437.810-இல் காது வைக்க வேண்டும், தலைக்கு மேலே வரும்போது 437.800, விலகிப் போகும்போது 437.790. ரயில் ஹாரன் நம்மைக் கடந்ததும் சுருதி இறங்குமே, அதே டாப்ளர் விளைவுதான்.

முடிந்தால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் பேசிக்கொண்டே மற்றதில் கேட்கலாம். காதில் ஹெட்போன் இருக்கட்டும். 400 கிலோமீட்டர் உயரம் போய்த் திரும்பும் உங்கள் குரல் உங்களுக்கே கேட்டால் எல்லாம் சரி. கேட்கவில்லையா, பேச்சை நிறுத்தி ஆண்டெனாவைத் திருப்புங்கள், டயலை நகர்த்துங்கள். இங்கே முள் பார்த்து ஏமாறும் பேச்சே இல்லை. மொத்தமே பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், நாடு முழுதும் பலர் காத்திருப்பார்கள், ஆகவே அழைப்புக் குறி, ஊர், ஒரு வணக்கம், அத்தோடு விலகிக்கொள்ளுங்கள். வாய்ப்பு கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த சுற்று வரும். அதற்குள் பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு, அந்தக் கனெக்டரை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்.