தூக்க மறுக்கும் 135

கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருபவர்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பட்டறைகளை எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே பழைய மாஸி பெர்குசன் 135 டிராக்டர் ஒன்று பாரம் தூக்க அடம்பிடித்தால், அனுபவசாலி மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடமாட்டார். எண்ணெய்க் குச்சியை உருவுவார்.

1964-இல் வந்த இந்த வண்டியில் கியர்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். பம்பும் அதற்குள்ளேதான் முங்கிக் கிடக்கிறது. குச்சியில் பால்கோப்பி நிறம் தெரிந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மழையில் நிற்கும் வண்டிக்கு கியர் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தாலே போதும்.

எண்ணெய் சரியா? அடுத்தது, பாரத்தைத் தூக்கி இஞ்சினை அணைப்பது. (அடியில் யாரும் குனியக் கூடாது.) பாரத்தைத் தாங்கும் பின்கைகள் மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிவு: சிலிண்டர் பிஸ்டனின் சீல், அல்லது பம்ப் வால்வு.

இஞ்சின் ஓடும்போது கைகள் ஓயாமல் தலையாட்டினாலும் அதே சந்தேகம்தான். கசிந்து இறங்கும், பம்ப் ஏற்றும், மறுபடி இறங்கும். இவற்றையெல்லாம் பார்க்காமலே புதுப் பம்புக்கு ஆர்டர் போடுவது வீண்செலவு.