ஓசூரில் ஒரு ஜப்பானியச் சட்டி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். சூளகிரியைத் தாண்டியதுமே காற்றில் குளிர் ஏறிவிடுகிறது. கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள ஊரல்லவா? பஸ் நிலையத்தில் இறங்கினால் ஒரு காதில் தமிழும் மறு காதில் தெலுங்கும் விழும்; கன்னடத்துக்கு மூன்றாவது காது வேண்டும்!

1878-ல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இதற்கு அருகிலேதான் இருக்கிறது. அந்நாளில் ஏரியும் வயலுமாயிருந்த பிரதேசத்தில் இன்று எங்கு நோக்கினும் தொழிற்சாலைகள். 1984-ல் இங்கே டி.வி.எஸ். நிறுவனமும் ஜப்பானின் சுசுகியும் கூட்டாக மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கின. 2001-ல் கூட்டு பிரிந்தது. ஜப்பானியத் தொடர்பு ஊருக்குப் புதிதல்ல.

எங்கள் பழைய மாணவன் ஒருவன் இங்கே தொழிற்சாலையில் வேலையாயிருக்கிறான். ஜப்பானில் இரண்டு வருஷம் பயிற்சி பெற்றுத் திரும்பியவன். "ஸார், அம்மாவுடன் ஒரு நாள் அவசியம் வந்து சாப்பிட வேண்டும்" என்று அழைத்திருந்தான். மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் நானும் மனைவியும் போய்ச் சேர்ந்தோம்.

மேஜை நடுவே சிறிய காஸ் அடுப்பு. அதன்மேல் கனத்த மண்சட்டி. ஜப்பானில் 'நாபே' என்றால் சட்டி. அதில் சமைக்கும் பதார்த்தத்துக்கும் அதுவே பெயர். புதுச்சட்டியில் முதலில் அரிசிக் கஞ்சி காய்ச்சி, அதன் நுண்துளைகளை அடைப்பார்களாம். நம் பாட்டிமார் புதுச்சட்டியைப் பழக்கிய முறையும் ஏறக்குறைய இதுதானே!

தண்ணீரில் 'கொம்பு' ஊறிக் கொண்டிருந்தது. பயப்பட வேண்டாம், அது கடற்பாசியின் ஜப்பானியப் பெயர். கொதி வருமுன் அதை எடுத்துவிட வேண்டும். வழக்கமாக உலர்ந்த மீனின் சீவலும் ரசத்தில் சேருமாம். மார்கழியாதலால் இங்கே மீனும் இல்லை, மாமிசமும் இல்லை. முட்டைக்கோசு, காரட், முள்ளங்கி, காளான், கீரை, சோயாப் பாலைத் திரித்துச் செய்த 'டோஃபு' எல்லாம் தட்டில் அழகாக நறுக்கி வைக்கப்பட்டிருந்தன.

ஆனால் மாணவனின் தாயார் மட்டும் கதவருகே நின்று கொண்டார்.

"எல்லோரும் ஒரே சட்டியில் குச்சி விட்டு எடுப்பதா? எச்சில் இல்லையா, வாத்தியாரையா? நான் உள்ளே இரண்டு இட்டிலி சாப்பிட்டுக் கொள்கிறேன்" என்றார்.

பையனின் முகம் வாடிவிட்டது. ஊரை விட்டு இங்கே வந்தது முதல் அம்மா தனியாகவே சாப்பிடுகிறாள் என்று அவன் எங்களிடம் சொல்லியிருந்தான். இவன் 'ஷிப்டு' முடிந்து வரும் நேரமோ ஒரு நாளைப் போல் ஒரு நாள் இல்லை.

"எடுத்துப் போடுவதற்கு வேறு குச்சி இருக்கிறது அம்மா. வாயில் படும் குச்சி சட்டியில் படாது" என்று காட்டினான். தாயார் பதில் சொல்லவில்லை, போகவும் இல்லை.

சட்டி கொதித்தது. பேச்சு ஞாபகத்தில் மருமகள் கீரையை முதலில் அள்ளினாள்.

"அடியம்மா! முள்ளங்கி வேகாமல் கீரையா? குழைந்து போகுமே!" என்று தாயார் ஓடி வந்து கரண்டியை வாங்கிக் கொண்டார். முதலில் முள்ளங்கி, காரட், பிறகு காளான், கோசு, அப்புறம் டோஃபு, கடைசியில் கீரை. ஜப்பானியர் வகுத்த வரிசையும் அதுவேதான்!

மாணவன் சிரித்தான். "இப்படிச் சட்டியை அதிகாரம் செய்பவரை அங்கே 'நாபே புக்யோ' என்பார்கள், ஸார். சட்டி மாஜிஸ்திரேட் என்று அர்த்தம்."

"மாஜிஸ்திரேட் நின்று கொண்டா தீர்ப்புச் சொல்வது?" என்று என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார்.

சோயாச் சாற்றில் எலுமிச்சம்பழம் பிழிந்து தொட்டுக் கொண்டோம். முடிவில், மிஞ்சிய சாற்றில் சோற்றைப் போட்டுக் காய்ச்சுவது வழக்கமாம். "அப்படியானால் கஞ்சி என்று முதலிலேயே சொல்லக் கூடாதா?" என்றார் தாயார். முதல் கிண்ணத்தை மகனுக்கு ஊற்றினார், இரண்டாவதைத் தமக்கு.

இரவு பஸ்ஸில் திரும்புகையில் குளிர் அதிகந்தான். எங்களுக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை.